குழாயைக் கவனித்துவிட்டுக் கிளம்புங்கள்!

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். டிசம்பரில் சென்னைக்குக் கிளம்பும்போது, "வீட்லதான் யாரும் இல்லையே, எதுக்கு வெட்டியா ஹீட்டர்?" என்று சில வீட்டுக்காரர்கள் அணைத்துவிடுகிறார்கள். இது சிக்கனமே இல்லை! தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், குழாய் வெடிக்கும். என் தோழி வீட்டில் சமையலறைத் தரையே பெயர்ந்துபோனது. வீட்டை யாரும் வந்து பார்க்கவில்லை என்று இன்ஷூரன்ஸ்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

ஹீட்டரைக் குறைத்து வைக்கலாம், அணைக்கக் கூடாது. மெயின் வால்வை மூடி, குழாய்களில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் வடித்துவிடணும். ஊரில் சிலிண்டரை மூடாமல் வாசப்படி தாண்டாத நம்மில் எத்தனை பேருக்கு அந்த வால்வு எங்கே இருக்குன்னு தெரியும்? அண்ணிக்கு சென்ட், பிள்ளைகளுக்கு சாக்லேட் எல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம். முதலில் பேஸ்மென்டுக்கு அவரையும் கூட்டிப் போய், திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, அடிக்கடி உள்ளே எட்டிப் பார்க்கவும் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, டொராண்டோ.