எரியும் முன் வரைபடத்தைப் பாருங்கள்

தோழர்களே, யாழ்ப்பாண நகரில் ஒரு கடை கட்டுவதென்றாலும் மாநகர சபையில் வரைபடம் கொடுத்து அனுமதி பெறவேண்டும். மலையகத்தின் லயன்களை யார் பார்த்தார்கள்?

வெள்ளைக்காரர் காலத்தில் ஒரே கூரையின் கீழ் கட்டிய அறைகள் அவை. ஓர் அடுப்பிலோ மின்கம்பியிலோ பிடிக்கும் தீ கூரை வழியே வரிசை முழுவதையும் தின்கிறது. பிள்ளைகளின் புத்தகமும் அடையாள அட்டையும் சாம்பலாகின்றன.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களை ஒதுக்கி வைத்தது. 2018இல் வந்த திருத்தம் சபைகள் தோட்டத்துக்குள் வர வழி திறந்தது. இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை.

புதிய வீட்டுத் திட்டம் ஒவ்வொன்றின் வரைபடமும் தீப்பாதுகாப்புக்காகப் பரிசீலிக்கப்பட வேண்டும். கூரைவரை எழும் இடைச்சுவர், பின்வாசல், தீயணைப்பு வண்டி வரும் பாதை, தண்ணீர்த் தாங்கி ஆகியவை அதில் இருக்கவேண்டும்.

எரிந்த பின் தரும் உலருணவுப் பொதியல்ல, எரியாத வீடே எமது கோரிக்கை.