ஹத்தாத் என்றால் கொல்லன்

பெயரைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லிவிடுகிறேன் என்று மார்தட்டுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. குலம், கோத்திரம், மதம், குணம், அரசியல் ஐந்தையும் அவர்கள் நாலு எழுத்துக்குள் பார்த்துவிடுவார்கள். ஜோசியருக்காவது பிறந்த நேரம் வேண்டும். இவர்களுக்கு அதுவும் வேண்டாம். இந்த வித்தையில் தேர்ந்த நண்பர் ஒருவரிடம், பிரேஸில் நாட்டில் 2023-ஆம் ஆண்டு பெர்னாண்டோ ஹத்தாத் என்பவர் நிதி மந்திரியானதைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஓகோ, அங்கேயும் முஸ்லிம் ஒருவர் மந்திரியாகிவிட்டாரா?" என்றார். அந்தப் பெர்னாண்டோவின் பாட்டனார் லெபனானில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையின் பாதிரியார். தகப்பனார் 1947-ல் பிரேஸிலுக்குக் கப்பலேறிப் போய்த் துணி வியாபாரம் செய்தவர். இதைச் சொன்னேன். "அப்படியானால் அவருக்கு எதற்கு அந்தப் பெயர்?" என்று என்னையே மடக்கினார்.

நண்பருக்கு மட்டும் பதில் சொல்வதானால் ஒரு கப் காப்பி நேரம் போதும். ஆனால் அவர் தனி ஆள் அல்ல, பெரிய கட்சி. அந்தக் கட்சியை எதிர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஹத்தாத் என்றால் அரபு மொழியில் இரும்புக் கொல்லன். அவ்வளவுதான். 'ஹதீத்' என்றால் இரும்பு. திருக்குர்ஆனின் 57-ஆவது அத்தியாயத்துக்கு அதுவே பெயர். அரபு இலக்கணத்தில் ஒரு விசேஷம் உண்டு: வேர்ச்சொல்லின் நடு எழுத்தை இரட்டித்து, அடுத்த உயிரை நீட்டினால், ஒரு காரியத்தை ஓயாமல் செய்கிறவன், அதையே தொழிலாகக் கொண்டவன் என்று பொருள் வந்துவிடும். நஜ்ஜார் தச்சன். கப்பாஸ் ரொட்டி சுடுகிறவன். கய்யாத் தையற்காரன். ஸப்பாக் சாயம் தோய்க்கிறவன். நஹ்ஹாஸ் செம்பு வேலை செய்கிறவன். ஹல்லாக் நாவிதன். ஒரு கடைத்தெருவே இந்த இலக்கணத்துக்குள் அடங்கிவிடுகிறது. இவை அத்தனையும் இன்றைக்குக் குடும்பப் பெயர்கள். இதில் மதம் எங்கே வந்தது? சம்மட்டிக்கும் உலைக்களத்துக்கும் எந்த வேதம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய அரபு அகராதிகள் ஹத்தாத் என்ற சொல்லுக்கு வாயிற்காவலன், சிறைக்காவலன் என்றும் பொருள் தருகின்றன. தடுத்து நிறுத்துகிறவன் என்ற கருத்தில் வந்த பொருள் அது. ஆகையால் ஒரு ஹத்தாதின் முப்பாட்டன் கொல்லன்தான் என்றுகூட நாம் சத்தியம் செய்ய முடியாது. பெயர் தருகிற சாட்சியம் இவ்வளவு மெலிந்தது. இதன்மேல் மதத்தையும் குணத்தையும் அரசியலையும் ஏற்றிவைக்கிறார்கள்!

அரபுப் பெயர் என்றால் முஸ்லிம் பெயர் என்று எண்ணுவது நம்மிடையே ஊறிப்போன ஒரு சோம்பேறித்தனம். அரபு ஒரு மொழி. அதைத் தாய்மொழியாகப் பேசிய கிறிஸ்தவர்கள் இஸ்லாத்துக்கு முன்பே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அரபு பேசிய யூதர்களும் பாக்தாதிலிருந்து மொராக்கோ வரை வாழ்ந்தார்கள். கொல்லுப்பட்டறை மூன்று மதத்தாருக்கும் இருந்தது. பெயரும் மூன்று மதத்தாருக்கும் வந்தது. 1906 முதல் 1928 வரை அந்தியோகியாவின் ஆர்த்தடாக்ஸ் சபைக்குத் தலைமை வகித்த நான்காம் கிரிகோரி குடும்பப் பெயரால் ஹத்தாத். முதல் உலகப் போரின்போது சிரியாவையும் லெபனானையும் பஞ்சம் வாட்டியபோது, பசித்து வந்தவனின் மதத்தைக் கேட்காமல் சோறு போட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். டுனீஷியாவில் ஜெர்பா என்று ஒரு தீவு. அங்கே பழைய யூதக் குடிகள் உண்டு. அவர்களிடையே ஹத்தாத் சர்வசாதாரணமான பெயர். அதே டுனீஷியாவில் பிறந்த தாஹிர் ஹத்தாத் முஸ்லிம் அறிஞர். பெண்களுக்கு நியாயம் வேண்டும் என்று 1930-ல் ஒரு புத்தகம் எழுதிச் சனாதனிகளின் கோபத்துக்கு ஆளாகி, 1935-ல், நாற்பது வயதுகூட ஆகாமல் மாண்டார். அவருடைய கருத்துக்கள் 1956-ல் அந்த நாட்டின் குடும்பச் சட்டத்துக்குள் ஏறின. மூன்று ஹத்தாதுகள், மூன்று மதங்கள். என் நண்பரின் ஜோசியம் இங்கேயே படுத்துவிட்டது.

"சரி, மதம் தெரியாவிட்டால் போகட்டும், அரசியலாவது தெரியாதா?" என்று கேட்பார்கள். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். வதீ ஹத்தாத் 1927-ல் பாலஸ்தீனத்தின் ஸஃபத் நகரில் பிறந்தவர், வைத்தியம் படித்தவர், இஸ்ரேலை எதிர்த்து விமானங்களைக் கடத்தும் திட்டங்களை வகுத்து உலகத்தையே நடுங்கவைத்தவர். ஸஅத் ஹத்தாத் லெபனான் ராணுவத்தில் மேஜர். இஸ்ரேலின் துணையோடு தெற்கு லெபனானில் தனிப்படை நடத்தி, 1979-ல் அந்தப் பகுதியைத் தனி ராஜ்யமாகவே அறிவித்தவர். ஒருவர் இஸ்ரேலுக்குப் பரம வைரி, மற்றவர் பரம நண்பர். இரண்டு பேருமே ஹத்தாத். இரண்டு பேருமே, நண்பர் கவனிக்க வேண்டும், கிறிஸ்தவர்கள். ஒரே காலம், பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரே குடும்பப் பெயர். பெயரில் அரசியல் தெரியும் என்பவர்கள் இந்த இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துக் காட்டட்டும்.

இனி இரண்டாவது கட்சிக்கு வருகிறேன். இவர்கள் வெளியார் அல்ல, ஹத்தாதுகளிலேயே சிலர். கொல்லன் என்ற பொருள் இவர்களுக்குப் போதவில்லை. பெயருக்கு ஒரு கிரீடம் வேண்டும். புராதன சிரியாவில் ஹதத் என்று ஓர் இடி தேவதை உண்டு. பைபிளில் வருகிற பெனாதாத் ராஜாவின் பெயரிலும் அந்தத் தேவதைதான் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து வந்ததே எங்கள் பெயர் என்று சிலர் சொல்லிக்கொள்வதுண்டு. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'ஹ'தான். அரபியில் அப்படி இல்லை. கொல்லனின் ஹ தொண்டையின் ஆழத்திலிருந்து வருவது. தேவதையின் ஹ வெறும் மூச்சு. எழுத்தே வேறு, வேர்ச்சொல்லே வேறு. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து வம்சம் சொல்வதானால் உலகத்தில் யார்தான் ராஜவம்சம் இல்லை?

மற்றவர்கள், நாங்கள் கஸ்ஸான் அரச குலத்து வாரிசுகள் என்பார்கள். ஏதோ ஒரு குடும்பத்துக்கு அது பொருந்தலாம்; நான் மறுக்கவில்லை. ஆனால் மொராக்கோவிலிருந்து இராக் வரை பரவிக் கிடக்கிற அத்தனை ஹத்தாதுகளும் ஒரே கிளையில் காய்த்த காய்கள் என்றால் எப்படி நம்புவது? விஷயம் மிக எளியது. குடியானவர்கள் நிறைந்த ஊரில் ஒருவனைக் குடியானவன் என்று கூப்பிட்டால் எவன் திரும்பிப் பார்ப்பான்? எல்லோரும் திரும்புவார்கள். ஆனால் கொல்லன் ஊருக்கு ஒருவன். கலப்பைக்கு கொழு வேண்டும், குதிரைக்கு லாடம் வேண்டும், கதவுக்குத் தாழ் வேண்டும். "கொல்லன் மகன் வந்தான்" என்றால் இன்னார் என்று ஊருக்கே விளங்கிவிடும். அடையாளம் காட்டுகிற பெயர்தான் நிலைக்கும். அதனால்தான் இங்கிலாந்தில் ஸ்மித், ஜெர்மனியில் ஷ்மிட், ரஷ்யாவில் குஸ்னெத்ஸோவ், ஹங்கேரியில் கோவாச், இத்தாலியில் ஃபெர்ராரி. இவர்கள் எல்லாம் ஒரே வம்சமா? ஒரே தொழில். ஆயிரம் ஊர்களில் ஆயிரம் பட்டறைகள் ஆயிரம் தடவை தனித்தனியாகப் பெற்றெடுத்த பெயர் அது.

ரமல்லா நகரத்தின் பிறப்பைப் பற்றி அந்த ஊரார் சொல்கிற கதை இதற்கு நல்ல சாட்சி. பதினாறாம் நூற்றாண்டில் யோர்தான் நதிக்குக் கிழக்கே கரக் பிரதேசத்திலிருந்து ராஷித் ஹத்தாதீன் என்ற கிறிஸ்தவத் தலைவர் தம் சுற்றத்தோடு அந்தக் குன்றுக்கு வந்து சேர்ந்தாராம். அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்? சுற்றிலும் காடு, உலைக்கு வேண்டிய விறகு தாராளம். ஊர் ஸ்தாபகர் என்று கொண்டாடப்படுகிறவர் வாளைச் சுழற்றி வரவில்லை. பட்டறை போட இடம் தேடி வந்தார். ராஜகுல வாரிசு என்பதைவிட இந்தக் கதை எவ்வளவு கௌரவமாக இருக்கிறது!

ஆனால் பட்டப்பெயர் வேறு, பரம்பரைக்கே ஒட்டிக்கொள்ளும் குடும்பப் பெயர் வேறு. அரபு உலகத்தின் பல பகுதிகளில் ஒருவர் இன்னாருடைய மகன், இன்னாருடைய பேரன் என்று அழைக்கப்படுவதே போதுமானதாக இருந்தது. அதை ரிஜிஸ்தரில் ஆணியடித்தவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்கள் செய்ததைப் பாருங்கள். அங்கே ஸத்தூக் என்ற ஊரில் ஷேக் அல்-ஹத்தாத் என்ற கிழவர், ரஹ்மானியா என்னும் சூஃபி மார்க்கத்தின் குரு. அவருடைய முன்னோர் கொல்லர்கள். 1871-ல் அவர் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக எழுந்தார்; கபீலிய மலைநாடே அவர் பின்னால் எழுந்தது. எழுச்சி நசுக்கப்பட்டது. 1873-ல் அவர் சிறையில் மாண்டார். பிள்ளைகளைப் பசிபிக் சமுத்திரத்தில் நியூ கலிடோனியாத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். பதினொரு வருஷம் கழித்து, 1882 மார்ச்சில், அதே சர்க்கார் ஒரு சட்டம் போட்டது: ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெயருக்குள் அடங்க வேண்டும். வரி வாங்கவும் நிலத்தை அளக்கவும் ஆளைத் தேடவும் அது வசதி. குமாஸ்தாவின் காதில் எது எப்படி விழுந்ததோ அது அப்படியே ஏட்டில் ஏறியது. கேலியான பெயரும் இழிவான பெயரும் பெற்ற குடும்பங்கள் உண்டு. இப்படி வந்த பெயரையா ரத்தத்தின் முத்திரை என்கிறீர்கள்? சில இடங்களில் அது ஒரு குமாஸ்தாவின் முத்திரைதானே?

பழைய உலகத்தில் இந்தப் பெயரின் பரவல் உலைக்களங்களின் பரவல் என்றால், புதிய உலகத்தில் அது கப்பல்களின் பரவல். 1880-க்குப் பிறகு லெபனான் மலையிலிருந்தும் சிரியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், பிரேஸிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் போனார்கள். துருக்கி சுல்தானின் பாஸ்போர்ட்டோடு இறங்கியதால் தென் அமெரிக்காவில் அவர்களுக்கு 'துருக்கர்' என்று பெயர். துருக்கியிடமிருந்து தப்பி ஓடிவந்தவனுக்குத் துருக்கன் என்று பட்டம்! பெயரைப் பார்த்து ஆளைச் சொல்கிற வித்தை நம்மூர்ச் சரக்கு மட்டும் அல்ல என்பதற்கு இது போதும். சிலர் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டு ஸ்மித் ஆனார்கள், ஃபெரெய்ரா ஆனார்கள். வட ஆப்பிரிக்காவில் இருந்த யூத ஹத்தாதுகளில் பலர், 1948-க்குப் பின் வந்த ஆண்டுகளில் இஸ்ரேலுக்கும் பிரான்ஸுக்கும் குடியேறினார்கள். முஸ்லிம் ஹத்தாதுகள் பிழைப்பைத் தேடி அதே பிரான்ஸுக்குப் போனார்கள். இன்றைக்குப் பாரிஸில் ஒரு ஹத்தாதின் கதவைத் தட்டினால், திறக்கிறவர் எந்தத் திசையை நோக்கித் தொழுகிறவர் என்று பெயர்ப்பலகை சொல்லாது. சாப்பாட்டு வேளையில் போனால் வாசனை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

கொல்லன் என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை பேர் கூசுகிறார்கள்? காரணம் இருக்கிறது. அரேபியப் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்த்த பெரிய குலத்தார், கைத்தொழில் செய்கிறவனைத் தாழ்வாகவே நினைத்தார்கள். தங்கள் வாளை அடித்துக் கொடுத்தவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். அவனிடம் பெண் எடுக்கவும் மாட்டார்கள். வாள் உயர்ந்தது, வாளைச் செய்த கை தாழ்ந்தது. இந்த நியாயம் நமக்கும் பழக்கமானதுதான். மேலே விவரிக்க வேண்டியதில்லை.

இதற்குச் சரியான அறை கொடுத்தது ஒரு பெயர். தெற்கு அரேபியாவில் ஹளரமௌத் பிரதேசத்து தரீம் நகர் அருகே 1634-ல் பிறந்தவர் அப்துல்லா இப்னு அலவி. நபிகள் நாயகத்தின் வம்சத்தில் வந்த ஸையித். அந்த உலகத்தில் அதற்கு மேல் குலப்பெருமை கிடையாது. சிறு வயதில் வைசூரியில் கண்பார்வை போயிற்று. பிறகு பெரிய ஞானியானார். 1720-ல் காலமானார். அவர் வகுத்த ராத்தீபு இன்றும் நமக்குப் பக்கத்து மலபாரிலும் மலாய் நாடுகளிலும் ஜாவாவிலும் ஓதப்படுகிறது. அதற்கு ஹத்தாத் ராத்தீபு என்று பெயர். அவர் இமாம் அல்-ஹத்தாத்! அவருடைய முன்னோர் ஒருவர், பெரிய இடத்துப் பிள்ளை, ஒரு கொல்லனுடைய பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டிருப்பாராம்; அதனால் ஊரார் அவரையும் ஹத்தாத் என்றார்களாம். அந்தக் குடும்பம் அதை மறைக்கவில்லை, மாற்றவில்லை. தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. குலத்தால் மிக உயர்ந்தவர்கள் தொழிலால் மிகத் தாழ்த்தப்பட்டவனுடைய பெயரைச் சுமந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கஸ்ஸான் அரசர்களைத் தேடுகிறவர்கள் கொஞ்சம் தரீம் பக்கம் பார்க்கட்டும்.

என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கதையில் ஓர் அரபுப் பெயரைப் போட்டுவிட்டால் பாத்திரம் தயாராகிவிட்டது என்று நினைக்கிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். தாடி, கத்தி, அத்தர் மூன்றும் பெயரோடு இனாம். நாவலாசிரியர் மாலெக் ஹத்தாத் 1927-ல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிறந்தார். பிரெஞ்சு மொழியில் நாலு நாவல்கள் எழுதினார். 1962-ல் நாடு விடுதலை பெற்றபின், தன் ஜனங்கள் பேசாத மொழியில் இனி நாவல் எழுதுவதில்லை என்று பேனாவை மூடிவிட்டார். அந்த மௌனத்தின் வேதனை எழுதுகிறவனுக்குத் தெரியும். அதை ஹத்தாத் என்ற பெயரிலிருந்து எந்தப் புத்திசாலி ஊகித்துவிட முடியும்?

"இருந்தாலும், பெயரைப் பார்த்து ஊகிப்பது பெரும்பாலும் சரியாகத்தானே வருகிறது?" என்று கடைசியாக ஒரு வாதம் வரும். வரலாம். சந்தைக்குப் போகிறவனுக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் விமான நிலையத்தில் பெயரைப் பார்த்து ஒருவனை ஓரமாக நிற்கச் சொல்லும்போது, வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனைப் பெயர் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பும்போது, அங்கே நிற்பது 'பெரும்பாலும்' அல்ல. ஒரு தனி மனிதன். ஊகம் தப்பினால் நஷ்டம் ஊகித்தவனுக்கு இல்லை, அவனுக்கு. ஊகம் சரியாகவே இருந்தாலும் என்ன? முஸ்லிமாக இருப்பது குற்றமா, கிறிஸ்தவனாக இருப்பது நற்சாட்சிப் பத்திரமா? பெர்னாண்டோ ஹத்தாத் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை என்று நான் சொன்னது அவருக்கு வக்காலத்து வாங்குவதற்காக அல்ல. அவர் முஸ்லிமாகவே இருந்திருந்தாலும் நண்பரின் கேள்வி அதே அளவு கேவலமானதுதான்.

ஹத்தாத் என்ற பெயர் சொல்கிற சேதி ஒன்றே ஒன்று: எப்போதோ, எங்கேயோ, அநேகமாக ஒருவன் நெருப்பின் முன்னால் நின்று இரும்பை அடித்தான். அவன் யாரைக் கும்பிட்டான் என்று அது சொல்லவில்லை. அவன் பேரன் யாருக்கு வோட்டுப் போடுவான் என்றும் சொல்லவில்லை. அதெல்லாம் தெரிய வேண்டுமானால் அந்தப் பேரனிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும் முன்னால் அவனை உட்காரச் சொல்லுங்கள்.