பெரெக் செய்தால் பரிசோதனை, சிவப்பிரகாசர் செய்தால் செப்பிடுவித்தையா?

பிரெஞ்சு எழுத்தாளர் ழார்ஜ் பெரெக் 1969இல் ஒரு நாவல் எழுதினார். அம்மொழியில் மிகுதியாகப் புழங்கும் 'ஈ' என்ற எழுத்தை ஓரிடத்திலும் பயன்படுத்தாமல் முழு நாவலையும் எழுதி முடித்தார். நம் சிறுபத்திரிகை வாசகர்கள் இச்செய்தியைச் சொல்லும்போது குரலில் ஒரு பக்தி வந்துவிடும். மொழியின் எல்லைகளைச் சோதித்தவர், இழப்பையே வடிவமாக்கியவர் என்றெல்லாம் புகழ்வார்கள். புகழட்டும், நானும் புகழ்கிறேன். ஆனால் அதே மேசையில், 17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார் என்று சொல்லிப் பாருங்கள். உதடு ஒட்டும், குவியும் எழுத்துகள் எவையும் வராமல், அடிதோறும் ஒரே எழுத்துத்தொடர் வேறு வேறு பொருளில் மடங்கி வர, ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக அமையப் பாடிய நூல் அது. உடனே ஒரு புன்னகை வரும். "அதெல்லாம் புலவர் கழைக்கூத்து சார்" என்பார்கள்.

இந்தப் புன்னகைதான் இக்கட்டுரையின் பகை. தமிழில் சொல்விளையாட்டு என்றாலே கவிதையின் வீழ்ச்சிக்காலம், வெறுங்கைவித்தை, உள்ளீடற்ற பாண்டித்தியம் என்ற தீர்ப்பு கடந்த அறுபது ஆண்டுகளாகக் கைமாறி வருகிறது. மறுவிசாரணை நடந்ததாகத் தெரியவில்லை. இத்தீர்ப்பினால் யாருக்கு நட்டம் என்பதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பறையில் காண்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் எதிர்த்தரப்புக்குரிய நியாயத்தைக் கொடுத்துவிடலாம். நாகபந்தமாக வரையப்பட்ட வெண்பாவைப் படித்து யாரும் கண்ணீர் விட்டதில்லை. தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் வரிசைப்படுத்தும் சித்திரகவிகளுள் பெரும்பாலானவை கவிதையாகத் தேறாதவை. பாம்பின் வாலும் தலையும் சந்திக்கும் இடத்தில் எழுத்துப் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பொருளை முறுக்கிப் பிழிந்திருப்பார்கள். இதுவரை சரி. ஆனால் இதிலிருந்து பெறவேண்டிய முடிவு, சித்திரகவி குடியேறிய வீடு தவறானது என்பது மட்டுமே. அதற்குரிய வீட்டைத் தமிழர்கள் கட்டவில்லை. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் சாய்சதுர வடிவில் ஒரு கட்டம் போட்டு அதற்கு அடிக்கல் நாட்டினார். குறுக்கெழுத்துப் புதிர் என்று அதை நாம் அழைக்கிறோம்.

வின் போட்டது எளிய புதிர். சொல்லுக்குப் பொருள் தந்து சொல்லைக் கேட்பது. அதைச் சிலேடைக் களமாக மாற்றியவர்கள் ஆங்கிலேயர்கள். 1926 முதல் அப்சர்வர் இதழில் டார்க்கமாடா என்ற புனைபெயரில் புதிர் அமைத்த பாவிஸ் மேத்தர்ஸ் ஒரு கவிஞர், மொழிபெயர்ப்பாளர். அவருக்குப்பின் அதே இதழில் சிமினீஸ் என்ற பெயரில் அமர்ந்த மக்நட் ஒரு பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த ஆசிரியர். இருவரும் புனைபெயர்களை ஸ்பானிய மதவிசாரணைத் தலைவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பதிலிருந்தே இவர்கள் வாசகரை என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். நபகோவ் 1920களில் பெர்லினில் புலம்பெயர்ந்த ரஷ்யர்களின் நாளிதழுக்குக் குறுக்கெழுத்து அமைத்தார். பெரெக்கும் 1976 முதல் ஒரு பாரிஸ் வார இதழுக்கு வாராவாரம் அமைத்தார். இலக்கியத்துக்குப் புறம்பான பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளுபவர்கள் இந்தப் பெயர்களையும் சேர்த்துத் தள்ளட்டும்.

சிமினீஸ் 1966இல் எழுதிய நூலில் வகுத்த விதி எளியது. ஒரு குறிப்பில் விடைக்குச் சரியான பொருள் இருக்க வேண்டும், விடையைக் கட்டியெழுப்பும் நேர்மையான வழி ஒன்று இருக்க வேண்டும், வேறெதுவும் இருக்கக்கூடாது. படிப்பவரை ஏமாற்றலாம், வஞ்சிக்கக்கூடாது. இந்த வேறுபாடு தமிழ்ப் புலவனுக்குப் புதிதன்று. பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடிய காளமேகம், ஒவ்வொரு தொடரும் பாம்புக்கும் பொருந்த வேண்டும், எள்ளுக்கும் பொருந்த வேண்டும் என்ற ஒழுக்கத்துக்குக் கட்டுப்பட்டே பாடினார்.

இனித் தண்டியலங்காரத்தைத் திறந்து பாருங்கள். சொற்களின் உறுப்புகளைத் தனித்தனி வினாக்களின் விடையாகப் பெற்று, சேர்த்தால் ஒரு பெயர் வருவது வினாவுத்தரம். சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க வேறு வேறு பொருள் தருவது அக்கரச்சுதகம். எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். ஒரு பாட்டுக்குள் வேறொரு பாட்டை ஒளித்துவைப்பது கரந்துறைச் செய்யுள். தலைகீழாகப் படித்தாலும் அதுவே வருவது மாலைமாற்று. அதில் சம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். அறுபத்து நான்கு கட்டங்களில் எழுத்துகளை நிரப்பி நாற்புறமும் படிக்க வைப்பது சருப்பதோபத்திரம். ஆங்கிலப் புதிர்க்காரர்கள் 20ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த உத்திகளுக்கு நம்மிடம் 12ஆம் நூற்றாண்டிலேயே பெயரும் இலக்கணமும் இருந்தன. "எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது" என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தைக் கண்டால் நான் எதிர்த்திசையில் நடப்பவன். இருந்ததை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தோம் என்பதே என் கேள்வி.

இரண்டு மதிப்பெண் வினா செய்தோம். "அக்கரச்சுதகம் என்றால் என்ன?" கையேட்டில் இரண்டு வரி விடை இருக்கிறது, மாணவர் மனப்பாடம் செய்கிறார், எழுதுகிறார், மறக்கிறார். சிலேடையின் இலக்கணத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவருக்கு எதிரில் நிற்கும் சிலேடை தெரிவதில்லை. எட்டுச்சொற்கள் புணர்ந்து நிற்கும் அடியை எங்கே வெட்டுவது என்று தெரியாமல், சந்தி பிரித்த பதிப்பு கிடைக்குமா என்று கேட்கிறார். இது அவருடைய சோம்பல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சொல்லைப் பிரித்துப் பார்க்கும் இன்பத்தை நாம் அவருக்கு ஒருமுறையும் காட்டவில்லை.

அதற்காக ஒருமுறை, பேருந்து நிலையத்துப் பெயர்ப்பலகைகளைக் கருப்பொருளாக வைத்து, கருப்பொருள் இன்னதென்று சொல்லாமல், இரண்டாமாண்டு வகுப்புக்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தேன். சில குறிப்புகளை இங்கே தருகிறேன்.

"மத்தும் தயிரும் கையிலிருந்தால் போக வேண்டிய ஊர் (7)." முதலில் ஆயர்பாடி என்றார்கள், எழுத்துக் கணக்குக்கு வரவில்லை. கோகுலம், பிருந்தாவனம் எல்லாம் போய்வந்தார்கள். கடைசியில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். கடைய நல்ல ஊர், கடையநல்லூர்! தினமும் அப்பெயரைத் தாங்கிய பேருந்தில் ஏறி இறங்குபவர்கள் அதற்குள் ஒரு மத்து சுழல்வதை அன்றுவரை கேட்டதில்லை.

"வற்றல் குழம்புக்கான காய்க்குள் ரத்தத்தின் முதல் துளி, ஊர் ஒன்று (4)." காய் சுண்டை. ரத்தத்தின் முதல் எழுத்து ர. உள்ளே விட்டால் சுரண்டை. அவ்வூரிலிருந்தே வரும் மாணவிதான் இதைக் கண்டுபிடிக்க எல்லோரையும்விட அதிக நேரம் எடுத்துக்கொண்டார் என்பது தனிக்கதை. இதைத் திருப்பிப் பிடித்தால், சுரண்டையிலிருந்து ஓர் எழுத்தை உருவினால் சுண்டை. அக்கரச்சுதகம் என்ற பூதம் ஒரு நொடியில் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டது. பக்கத்து ஊரான கரிவலம்வந்தநல்லூரைக் கட்டத்தில் சேர்க்க முடியவில்லை. பன்னிரண்டு எழுத்து கேட்கும் ஊரை வைத்தால் மற்ற ஊர்களுக்கு இடமிருக்காது. யானை வலம்வந்த நல்லூர் என்று அதன் பெயரே ஒரு வினாவுத்தரம்.

தமிழுக்கு இவ்வகைப் புதிர் ஒத்துவராது என்போர் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கு 247. எழுத்தைக் கலைத்துச் சேர்க்கும் விளையாட்டு அங்கே எளிது, இங்கே அரிது. போதாக்குறைக்குப் புணர்ச்சி விதிகள் வேறு. பாதி உண்மை. கலைத்துச் சேர்ப்பது அரிதுதான். அரிதாக இருப்பதனாலேயே "கலவரத்தில் சிக்கிய நகரம் பாவிகளுக்கு உரியதாயிற்று (4)" என்ற குறிப்புக்கு நரகம் என்று விடை வரும்போது ஒரு குளிர் பரவுகிறது. ஆங்கிலத்தில் இப்படி ஆயிரம் கிடைக்கும் என்பதால் ஒன்றுக்கும் மதிப்பில்லை.

கட்டம் அமைப்பதிலுள்ள இடர்கள் இன்னும் சுவையானவை. கடையநல்லூரை இடமிருந்து வலமாக எழுதுங்கள். அதன் ஏழு கட்டங்களில் எவற்றிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு தமிழ்ச்சொல் தொடங்க முடியும்? ல், ர் இரண்டும் மெய். மெய் மொழிக்கு முதலாகாது. டை ஆகாது, லூ ஆகாது. மிஞ்சுவன க, ய, ந. யகரத்திலும் தொல்காப்பியர் ஆகாரத்தோடு மட்டுமே அனுமதி தருவார், நன்னூலார் சற்றுத் தாராளமானவர். மொழிமுதல் எழுத்துகளைப் பற்றிய நூற்பாவை ஓராண்டு முழுக்கக் கத்தியும் உள்ளே போகாத செய்தி, ஒரு கட்டத்தில் சொல் வைக்கத் திணறியபோது பத்து நிமிடத்தில் உள்ளே போயிற்று.

புணர்ச்சி தடை என்போருக்கு எங்கள் ஊர்ப் பெயரிலேயே விடை இருக்கிறது. "மாலவன் கையிலிருப்பது முன்னே, சிவன் பின்னே, இணைந்து வருவதும் சிவனே (5)." மாலவன் கையில் சங்கு. சிவன், அரன். வருமொழியின் உயிர் வந்ததும் சங்கின் குற்றியலுகரம் ஓடிவிட, சங்கரன். இது சொற்பிறப்பியல் அன்று. வடமொழிச் சொல்லுக்கு வேறு வேர் உண்டு, தயவுசெய்து யாரும் இதை ஆய்வுக்கட்டுரையாக்கி விடாதீர்கள். ஆனால் எந்தத் தலத்தில்? சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்னும் இரு நாகங்கள் வழக்கிட்டதாகவும், கோமதியம்மன் தவமிருந்து இருவரையும் ஓருருவில் கண்டதாகவும் தலபுராணம் பேசும் ஊரில். ஆடித்தபசுக்குக் கூடும் கூட்டம் காண வருவது ஒரு மேனியில் இரு பொருளை. சிலேடை தமிழனின் நோய் என்று எழுதுபவர்கள் ஒருமுறை அந்தச் சந்நிதியில் வந்து நிற்கலாம்.

இங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள சென்னிகுளத்தில் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். கழுகுமலை முருகன்மேல் அவர் பாடிய காவடிச்சிந்தை இசைத்தமிழின் உச்சம் என்று எல்லோரும் ஒப்புகிறார்கள். அவரே சங்கரன்கோவில்மீது ஒரு திரிபந்தாதியும் பாடினார். திரிபு என்றால் நான்கு அடிகளிலும் முதலெழுத்து மட்டும் மாறும், அடுத்துள்ள எழுத்துகள் மாறாமல் வரும், பொருள் மட்டும் ஒவ்வோர் அடியிலும் வேறாகும். காவடிச்சிந்தின் துள்ளலைப் போற்றி, திரிபந்தாதியை அவருடைய இளமைப் பிழைபோல் ஒதுக்குவது நம் வழக்கம். ஒரு சொல்லுக்குள் எத்தனை சொல் உறங்குகிறது என்று கைவிரலால் எண்ணிப் பழகாதவனுக்கு அந்தச் சந்தங்கள் எங்கிருந்து வந்திருக்கும் என்று இவர்கள் யோசிப்பதே இல்லை.

நம் வார இதழ்கள் பல்லாண்டுகளாக வெளியிட்டுவந்த குறுக்கெழுத்துகள் இந்த ஏளனத்துக்குத் தீனி போட்டன என்பதையும் சொல்ல வேண்டும். "நடிகை ஒருத்தி குழம்பியிருக்கிறாள்", "வலமிருந்து இடமாக வரும் பழம்" என்று குறிப்பு இருக்கும். கட்டத்துக்குள் பொருளற்ற எழுத்துக்குவியல் நிற்கும். குழப்பம் குறிப்பில் இருக்க வேண்டும், கட்டத்தில் தெளிந்த சொல் நிற்க வேண்டும் என்ற அடிப்படையே தலைகீழ். அமைப்பவர் தமக்குச் சொல் கிடைக்காத இயலாமையைப் படிப்பவர் தலையில் கட்டும் ஏற்பாடு இது. இதற்கு மாறாக, 2000களில் கலிபோர்னியாவிலிருந்து வெளிவரும் தென்றல் இதழில் வாஞ்சிநாதன் மாதந்தோறும் அமைத்த புதிர்கள் நேர்மையான வஞ்சகத்தால் ஆனவை. தமிழில் இது முடியும் என்பதற்கு அவையே சான்று. அவற்றைப் பற்றி நம் இலக்கிய இதழ்களில் மதிப்புரை என்று ஒன்றை நான் படித்ததில்லை. கவிதைத் தொகுப்பு நாலு பக்கம் வந்தாலே நாற்பது பக்கம் எழுதுகிறவர்கள் நாம்.

நான் கேட்பது பெரிய காரியமன்று. சொல்லணியியலை நடத்தும் ஆசிரியர் ஒருவர், இலக்கணம் சொல்லும் முன் மாணவரைக் கொண்டு ஒரு குறிப்பை எழுதச் செய்யட்டும். இரண்டு மதிப்பெண் வினாவில் வரையறைக்குப் பதிலாக ஒரு புதிரைக் கேட்கட்டும். இலக்கிய இதழ்கள் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் வெளியிடட்டும். இடமில்லை என்று சொல்லும் ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தில் இப்போது என்ன போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

புலவர் கழைக்கூத்து என்று புன்னகைப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு வைக்கிறேன்: "குதிரையை அடுத்துக் குளிர்ச்சி, புலவர் வாங்கிப்போனது (4)." புறநானூறு படித்தவர்களுக்கு அகராதி வேண்டியிராது.