விழுந்த மரம் குப்பை அல்ல



2016 டிசம்பர் 12, வர்தா புயல் நினைவிருக்கிறதா? எங்கள் நந்தனம் தெருவில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தை அறுத்து அகற்றினார்கள். நடக்க வழி வேண்டும், சரிதான். ஆனால் காட்டில் விழுந்த மரத்தையும் அப்படி அள்ள வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மரத்தை மக்க வைப்பது பெரும்பாலும் பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆகவே மரம் எங்கே விழுகிறது என்பது முக்கியம். நிழலான பள்ளத்தில் மண்ணைத் தொட்டுக் கிடந்தால் சீக்கிரம் எருவாகும். வெயில் காயும் சரிவில், பாறைமேல் கிடந்தால் பல ஆண்டுகள் தாங்கும். சேற்றில் மூழ்கினால் காற்றில்லாமல் மக்குவது தாமதமாகும். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதைந்த மரங்கள் கல்லாகவே மாறிக் கிடக்கின்றன!

நம் கிண்டி தேசியப் பூங்கா மலையல்ல. இருந்தாலும் அங்கே குளத்தோரம் வேறு, மேட்டு நிலம் வேறு. மேட்டில் நிற்கும் பட்டமரப் பொந்து மைனாவுக்கும் ஆந்தைக்கும் வீடு. பள்ளத்தில் மக்கும் மரம் கன்றுகளுக்கு உணவு. இரண்டுமே காட்டுக்குத் தேவை.

"கரையான் வருமே டீச்சர்?" என்பீர்கள். வீட்டருகே என்றால் அகற்றுங்கள். காட்டில் கரையானுக்கும் வேலை இருக்கிறது.

அன்று வகுப்பில் "மக்கும் குப்பை" பட்டியலில் மரக்கட்டையையும் எழுதிப் போட்டேன். அது என் தவறு. உங்கள் பிள்ளைகளுக்காவது திருத்திச் சொல்லுங்கள்.