மாட்டுக்குப் போட்ட ஊசி

மாட்டுக்குக் காய்ச்சலோ மடிவீக்கமோ வந்தால் வலி தணிய ஊசி போடுவார்கள். 1990களின் நடுவில் அந்த ஊசியின் இடத்தை டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி பிடித்தது. காப்புரிமை முடிந்து விலை சரிந்ததால் சிற்றூர் மருந்துக்கடை வரை அது போய்ச் சேர்ந்தது. மாட்டுக்கு அது கெடுதல் செய்யவில்லை. ஆனால் ஊசி போட்ட சில நாட்களில் மாடு இறந்துவிட்டால், அதைத் தின்ன வந்த பாறு கழுகுகள் செத்தன. 1980களில் உலகிலேயே எண்ணிக்கை மிகுந்த பெரிய ஊனுண்ணிப் பறவையாக இருக்கக்கூடும் என்று கருதப்பட்ட வெண்முதுகுப் பாறு, இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கியது. மருந்தைப் பெறும் உயிரிடம் மட்டும் சோதித்துவிட்டு, அந்த உயிரை உண்ணும் உயிரைக் கணக்கில் எடுக்காமல் விற்பனைக்கு அனுமதிப்பது தவறு. அந்த நடைமுறை மாற வேண்டும்.

ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் பூங்காவில் பாறுகள் அருகிவருவதை 1990களில் பறவையியலாளர் விபு பிரகாஷ் கவனித்தபோது, ஏதோ தொற்றுநோய் என்றே பலரும் நினைத்தார்கள். பாகிஸ்தானில் இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு 2004இல் முடிவை வெளியிட்டது. சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. அப்படி இறந்தவற்றின் சிறுநீரகத்தில் டைக்ளோஃபெனாக் இருந்தது. அப்போதும் ஓர் ஐயம் நியாயமாகவே எழுந்தது. செத்த மாடுகளில் எத்தனைக்குத்தான் இந்த ஊசி போட்டிருப்பார்கள்? நூற்றில் ஒரு மாட்டுக்கும் குறைவாக நஞ்சு இருந்தாலே இந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று கணக்கு காட்டியது. பாறுகள் வாழும் விதம் அப்படி. ஒரே மாட்டைப் பத்து இருபதாகக் கூடித் தின்னும். ஒரு மாட்டில் உள்ள மருந்து ஒரு கூட்டத்தையே சாய்த்துவிடும். ஓர் இணை ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அதில் வரும் குஞ்சு இனப்பெருக்கத்துக்குத் தயாராகச் சுமார் ஐந்தாண்டு ஆகும். ஓர் உயிரினம் எதைத் தின்கிறது, எப்படிக் கூடுகிறது, எவ்வளவு மெதுவாகப் பெருகுகிறது என்பதை அறியாமல் ஒரு மருந்தின் நஞ்சை அளக்கவே முடியாது.

பாறு போனால் என்ன, நாயும் காக்கையும் தின்றுவிட்டுப் போகட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நாய்கள் தின்னத்தான் செய்தன. தின்று பெருகவும் செய்தன. பாறுக்கூட்டம் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். பாறுகளின் வயிற்று அமிலம் பெரும்பாலான நோய்க்கிருமிகளைக் கொன்றுவிடும். நாயின் வயிற்றுக்கு அந்த வலு இல்லை. வெறிநோயைச் சுமப்பதும் நாய்தான். ஆக, காலியான இடத்தை இன்னோர் உயிர் நிரப்பியது, ஆனால் அந்த வேலை நடக்கவில்லை. ஏயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பாறுகள் மறைந்த மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கு மேல் கூடியதாகவும், 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்ததாகவும் மதிப்பிடுகிறது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடுமா என்று கேட்கலாம். அதற்காகத்தான் பாறுகள் வாழத் தகுந்த மாவட்டங்களையும் தகாத மாவட்டங்களையும் அவர்கள் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். மருந்து பரவும்வரை இரண்டிலும் இறப்பு விகிதம் ஒரே போக்கில் சென்றது, அதன்பிறகே பிரிந்தது. செத்த மாட்டைப் புதைத்துவிடலாமே என்பதும் நல்ல யோசனைதான். ஆனால் அதற்கு இடம், ஆள், பணம் மூன்றும் வேண்டும். பாறு கூலி கேட்கவில்லை.

இவற்றைவிட வலுவான எதிர்வாதம் மாடு வளர்ப்பவருடையது. இரண்டு மாடுகளை நம்பி வாழும் குடும்பத்திடம் மலிவான மருந்தைப் பறிப்பது கொடுமை என்கிறார்கள். மாற்று இல்லாதிருந்தால் நானும் அதை ஒப்புக்கொள்வேன். ஆனால் பாறுகளுக்குக் கேடில்லாத மெலாக்ஸிகாம் என்ற வலிநிவாரணி கடைகளில் கிடைக்கிறது. அதுவும் காப்புரிமை இல்லாத மருந்துதான். உண்மையான சிக்கல் தடை வரும் முறையில் இருக்கிறது. கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை அரசு 2006இல் தடைசெய்தது. உடனே மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டன. அந்தக் குப்பிகளுக்கு 2015இல்தான் தடை வந்தது. அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. இதற்கிடையே அசிக்ளோஃபெனாக் வந்தது. அது மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது! தடைசெய்த நஞ்சு வேறு பெயரில் விற்றது. அதையும், பாறுகளுக்குக் கேடான கீட்டோபுரோஃபென் என்ற மருந்தையும் 2023இல்தான் நிறுத்தினார்கள்; அதேபோல் கேடான நிமிசுலைடை 2024இன் கடைசியில். ஒவ்வொரு முறையும் மருந்து சந்தைக்கு வந்து, ஆய்வாளர்கள் அதன் கேட்டை மெய்ப்பித்த பிறகே தடை வந்திருக்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். கால்நடைக்கு ஒரு வலிநிவாரணியைக் கொண்டுவரும் நிறுவனம், அது பாறுகளுக்குக் கேடு செய்யாது என்று விற்பனைக்கு முன்பே காட்டட்டும். செலவு கூடும் என்பது உண்மை. அந்தச் செலவை இதுவரை வெறிநாய்க்கடியில் இறந்தவர்கள் கொடுத்துவந்திருக்கிறார்கள்.

நீலகிரி அடிவாரத்தில் மோயாற்றங்கரையின் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் காப்புக்காடாக வைத்திருப்பது மட்டும் அவற்றைக் காக்காது. பாறு இரை தேடி நாளொன்றுக்குப் பல பத்து கிலோமீட்டர் பறக்கும், காட்டு எல்லையில் மேய்ந்து இறக்கும் மாடும் அதன் இரைதான்; அதில் நஞ்சு இருக்கக்கூடாது. கூண்டில் வளர்த்துப் பறக்கவிடுவதற்கும் இதே நிபந்தனை உண்டு. ஆகவே, மாடு வைத்திருப்பவர்கள் அடுத்த முறை ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். மெலாக்ஸிகாம் போடச் சொல்லுங்கள்.