ஒரு வரி, 47 மெகாபைட்

"கம்பைல் ஆகச் சுணங்குதா? புது லப்டொப் வாங்கு." இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. கலைப்பீடத்தாருக்கு சீ மொழியில் என்ன வேலை எண்டு கேட்பீர்கள். கைமாறி வந்த லப்டொப்போடு எல்லாப் பீடத்திலும் இருக்கிறோம், காத்திருப்பது நாங்கள்தான்.

2024இல் லினக்ஸ் கேர்னலில் நடந்ததைப் பாருங்கள். மூன்று பெறுமானங்களில் சிறியதைத் தெரிவுசெய்யும் ஒரேயொரு வரி, கம்பைலருக்குப் போகமுதல் மக்ரோக்கள் விரிந்ததில் 47 மெகாபைட் ஆனது. கண்டு சொன்னவர் ஆர்ண்ட் பெர்க்மன்.

மக்ரோ கணக்குப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பிரதிபண்ணும். தரவு வகை பொருந்துதா எண்டு சோதிக்க, அந்த மக்ரோ தனக்குத் தந்ததைப் பலதடவை பிரதிபண்ணியது. அதற்குள் அதே மக்ரோவைத் திரும்ப வைத்தால்? கூட்டலல்ல, பெருக்கல்.

சோதனை வேண்டாமா எண்டு கேட்கிறார்கள். வேணும். ஆனால் மாறிலிகளுக்கு அவ்வளவு சோதனை எதற்கு? லைனஸ் டோர்வால்ட்ஸ் அவற்றுக்கு எளிய மக்ரோவைப் பொதுவாக்கினார். மூன்றுக்கான மக்ரோவை ஒன்றுக்குள் ஒன்று அடுக்காமல் திருத்தினார். தீர்வு கடையில் இல்லை, கோப்பில் இருந்தது.

நாங்களும் செய்யலாம். உள்ளே இருக்கிற கணக்கை முதலில் ஒரு மாறியில் போடுங்கள். வகை தெரிந்தால் மக்ரோவை விட்டு இன்லைன் ஃபங்ஷன் எழுதுங்கள். சந்தேகமெண்டால் ஜீசீசீக்கு '-ஈ' கொடுத்து, விரிந்த கோப்பு எத்தனை மெகாபைட் எண்டு பாருங்கள்.

கெட்டித்தனமாய் எழுதுவது ஒருவர். ஒவ்வொரு கம்பைலுக்கும் காத்திருப்பது ஆயிரம்பேர். அவர்களிடம் புது லப்டொப் வாங்கச் சொல்லமுதல், உங்கட மக்ரோவைத் திறந்து பாருங்கோ.