அங்கவீனமுற்ற படைவீரரும் அரசின் கடனும்

போர் முடிந்ததும் அரசுகள் முதலிற் செய்வது நினைவுத்தூண் எழுப்புவது. இறந்தோர் பெயர்கள் கல்லிற் பொறிக்கப்படுகின்றன. ஆண்டுக்கொரு முறை மலர்வளையம் வைக்கப்படுகின்றது. இறந்தவர்க்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனால், கையிழந்தும் காலிழந்தும் கண்ணிழந்தும் உயிரோடு மீண்டவன் மறுநாளும் உண்ண வேண்டியவன். வாடகை கொடுக்க வேண்டியவன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவன். அவனுக்கு வேண்டியது தூணன்று, தொழில். அத்தொழிலை வழங்க வேண்டியவர் யார் என்ற வினாவே அரசுகளின் நன்றியுணர்ச்சிக்கு உரைகல்லாக அமைகின்றது.

விடை தெளிவானது. அவனைப் படையிற் சேர்த்தது அரசு; பயிற்றியது அரசு; களத்துக்கு அனுப்பியதும் அரசே. ஆகவே, அவனுக்கு வேலை வழங்க வேண்டிய முதற் பொறுப்பும் அரசினுடையதே. தனியார் முதலாளி இலாபநட்டக் கணக்கைக் காட்டித் தப்பிக்க முயலலாம். அந்த உடலைச் செலவு செய்த அரசுக்கு அவ்வாறு கூறும் உரிமை இல்லை. ஆயினும், இந்நூற்றாண்டுக் கால வரலாற்றை நோக்கின், அரசுகள் பல இக்கடமையைப் பிறர் தலையிற் சுமத்திவிட்டுத் தாம் ஒதுங்கி நின்றமையே புலனாகும்.

முதலாம் உலகப் போர் இலட்சக்கணக்கானோரை அங்கவீனராக்கிற்று. அதன் பின்னர் பிரான்ஸ் 1923-இற் சட்டமியற்றி, அரசாங்க உத்தியோகங்களில் ஒரு பகுதியைப் போரில் ஊனமுற்றோர்க்கும் போரிற் கணவரை இழந்தோர்க்கும் ஒதுக்கியது. அடுத்த ஆண்டு தனியார் நிறுவனங்களும் நூற்றுக்குப் பத்துப் பேர் என்ற அளவில் போரில் ஊனமுற்றோரை வேலைக்கு அமர்த்த வேண்டுமென விதித்தது. ஜேர்மனி 1920-இற் கொணர்ந்த சட்டம் அரசையும் தனியாரையும் ஒருங்கே கட்டுப்படுத்தியது. கடும் ஊனமுற்றவரை உரிய நலன்புரி அலுவலகத்தின் இசைவின்றி வேலைநீக்கம் செய்யலாகாது என்றும் கூறியது. தோல்வியுற்று வறுமையில் உழன்ற ஒரு நாடு இதனைச் செய்தது என்பது கவனிக்கத்தக்கது. ‘பணமில்லை’ என்ற சாக்கு எவ்வளவு வலுவற்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

போரில் வென்ற பிரித்தானியாவோ வேறு வழியிற் சென்றது. 1919-இல் அங்கு தொடங்கப்பெற்ற ‘மன்னரின் தேசியப் பதிவேடு’ முதலாளிமாரின் நல்லெண்ணத்தை நம்பிய திட்டமாகும். தம் ஊழியரில் நூற்றுக்கு ஐவர் அங்கவீனமுற்ற முன்னாட் படைவீரராக இருப்பர் என ஒப்புக்கொண்ட நிறுவனங்களின் பெயர்கள் அதில் எழுதப்பட்டன. அரசாங்க ஒப்பந்தங்களில் அவற்றுக்கு முன்னுரிமையும் கிடைத்தது. ஒப்புக்கொள்ளாதோரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. வேலை கிடையாத வீரர்கள் மார்பிற் பதக்கங்களுடன் தெருவோரத்தில் நின்று தீப்பெட்டி விற்ற காட்சியை அக்கால நகரங்கள் நன்கறியும்.

இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்னரே, 1944-இல், அங்கவீனர் வேலைவாய்ப்புச் சட்டம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. இருபது பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட ஒவ்வொரு நிறுவனமும் நூற்றுக்கு மூன்று வீதம் பதிவுசெய்த அங்கவீனரை வைத்திருக்க வேண்டும். அவர்களுள்ளும் முன்னாட் படைவீரர்க்கு முன்னிடம் அளிக்கப்பட வேண்டும். படிப்பதற்கு இனிய சட்டம்தான். ஆனால், அச்சட்டத்தின் வீதவிதி முடிக்குரிய திணைக்களங்களைக் கட்டுப்படுத்தவில்லை. அரசு தானும் அதன்படி ஒழுகுவதாக வாக்களித்தது, அவ்வளவே. மற்றவர்க்குச் சட்டம், தனக்கு வாக்குறுதி! கடனாளியே தன் கடன்பத்திரத்திற் கையொப்பமிட மறுத்தமைக்கு இது ஒப்பாகும்.

தனியாரைக் கட்டுப்படுத்திய பகுதியேனும் உறுதியாய் இருந்ததா? அதுவும் இல்லை. மூன்று வீதத்துக்குக் குறைவாக வைத்திருப்பது குற்றமன்று. குறைவாக இருக்கும்போது அனுமதிச்சீட்டின்றி வேறொருவரை நியமிப்பதே குற்றம். அனுமதிச்சீட்டுகளோ கேட்டவர்க்கெல்லாம் மொத்தமாக வழங்கப்பட்டன. அரை நூற்றாண்டுக் காலத்தில் தொடரப்பட்ட வழக்குகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஈற்றில், 1995-இல் வந்த பாரபட்சத் தடைச் சட்டத்தின் வழி அவ்வீதமும் நீக்கப்பட்டது. அமுல்செய்யாமல் விட்டவர்களே, ‘அது பயன்தரவில்லை’ என்று கூறி அதனைப் புதைத்தனர். வேடிக்கை யாதெனில், ஊனத்தின் பேரால் ஒருவரைப் புறக்கணிக்கலாகாது என்று கூறிய அப்புதிய சட்டத்தின் தொழில்சார் விதிகளிலிருந்து படைச்சேவை விலக்கப்பட்டிருந்தமையாகும். களத்திற் போரிட முடியாதவனைக் களத்துக்கு அனுப்பலாகாது என்பது சரியே. ஆனால், களஞ்சியத்திலும் கணக்குப் பிரிவிலும் பயிற்சிக் கூடத்திலும் சீருடையணிந்தோர் செய்யும் பணிகள் எத்தனையோ உள்ளன. அவற்றுக்கும் சேர்த்துக் கதவடைப்பது எந்த நியாயம்?

1944-இன் சட்டத்திற் பிறிதொரு விதியும் இருந்தது. சில தொழில்களை அங்கவீனர்க்கென்றே ஒதுக்கும் அதிகாரத்தை அது அமைச்சருக்கு அளித்தது. 1946-இல் அவ்வாறு ஒதுக்கப்பட்ட தொழில்கள் இரண்டு: மின்தூக்கி இயக்குபவர் பணி ஒன்று, வாகனத் தரிப்பிடக் காவலர் பணி மற்றொன்று. நாட்டின் எண்ணற்ற தொழில்களுள் அவர்களுக்கென்று கண்டெடுக்கப்பட்டவை இவை இரண்டே. போர்க்காலத்தில் அவர்களுட் பலர் வானொலிக் கருவிகளை இயக்கினர், வரைபடம் வரைந்தனர், பீரங்கிக்குக் கணக்கிட்டனர். ஒரு காலை இழந்ததும் அவ்வறிவும் இழந்துபோயிற்று என அரசு கருதியது போலும். பிறரை மேல்மாடிக்கு ஏற்றி இறக்குவது அவர்களின் பணியாயிற்று. தாம் மேலேறுவதற்கு அங்கே வழியில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு இதனினும் மேலானது. உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865-இலேயே, காயத்தாலோ நோயாலோ விலக்கப்பட்ட வீரர்க்குச் சிவில் பதவிகளில் முன்னுரிமை வேண்டுமெனக் காங்கிரஸ் தீர்மானித்தது. 1944-இன் முன்னுரிமைச் சட்டம் போட்டிப் பரீட்சையில் அங்கவீனமுற்ற வீரர்க்குப் பத்துப் புள்ளிகளையும் ஏனைய வீரர்க்கு ஐந்து புள்ளிகளையும் மேலதிகமாக அளித்தது. 1978-இன் சீர்திருத்தம் நூற்றுக்கு முப்பது வீதமோ அதற்கு மேலோ ஊனமுற்றவரைப் போட்டியின்றியே நியமிக்க வழிசெய்தது. இங்கே அரசு தன்னையே கட்டுப்படுத்திக் கொண்டது. அதன் பயனாக அந்நாட்டு மத்திய அரசாங்க ஊழியருள் ஏறத்தாழப் பத்தில் மூவர் முன்னாட் படைவீரர் என்னும் நிலை உருவாயிற்று.

எனினும், அங்கும் இரு குறைகள் உள. முன்னுரிமை, ஊனமுற்றவர் என்ற எல்லையைத் தாண்டிச் சீருடை அணிந்த அனைவர்க்கும் விரிந்தது முதலாவது குறை. மசாச்சூசெற்ஸ் மாநிலம் தன் சிவில் பதவிகளில் எல்லாப் படைவீரர்க்கும் வாழ்நாள் முழுவதும் முதலிடம் அளித்தது. பரீட்சைகளில் உயர் புள்ளி பெற்றும் மீண்டும் மீண்டும் பின்தள்ளப்பட்ட ஹெலன் பீனி என்ற பெண் அரசாங்க ஊழியர் வழக்குத் தொடர்ந்தார். 1979-இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. சட்டம் செல்லுபடியாகலாம், நீதி செல்லுபடியாகவில்லை. காயமின்றி மீண்ட ஒருவனுக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அளிக்கப்படும் முதலிடம் கடன்தீர்ப்பு அன்று, அது சலுகை. அச்சலுகையாற் பெண்கள் இழந்தனர். கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துபோன அங்கவீனரும் இழந்தனர். இரண்டாவது குறை, கொடுத்த வேலை நிலைக்கும் என்ற உறுதியின்மை. 2025-இன் தொடக்கத்தில் மத்திய அரசாங்கத்தில் ஆட்குறைப்பு மேற்கொள்ளப்பட்டபோது, தகுதிகாண் காலத்தில் இருந்தோர் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டனர்; அவர்களுள் முன்னாட் படைவீரரும் இருந்தனர். முன்வாசலால் மாலையிட்டு அழைக்கப்பட்டவர்கள் பின்வாசலால் அனுப்பப்பட்டனர்.

இத்தகைய ஒதுக்கீட்டை எதிர்ப்போர் இரண்டு நியாயங்களைக் கூறுவர். திறமை கெடும் என்பது ஒன்று. அமெரிக்காவின் பத்துப் புள்ளிகள் பரீட்சையிற் சித்தியடைந்தவர்க்கே சேர்க்கப்படுகின்றன. தகுதியற்றவரை அவை தகுதியுடையவராக்குவதில்லை. மேலும், சக்கர நாற்காலியில் இருப்பவர் கோவையை வாசிப்பதற்கு அலுவலகத்தின் படிக்கட்டே தடையெனில், கெட்டது அக்கட்டடத்தின் திறமையேயன்றி அவருடையதன்று. ஓய்வூதியம் கொடுக்கப்படுகிறதே என்பது மற்றொன்று. ஓய்வூதியம் இழந்த அவயவத்தை வீதக்கணக்கில் அளந்து விலைபேசுகின்றது. எஞ்சிய மனிதனைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை. இருபத்தைந்து வயதில் வீட்டுத் திண்ணையில் அமர்த்தப்படுபவனுக்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் உள.

இவ்வினா இலங்கைக்கு அயலானதன்று. 1988-ஆம் ஆண்டின் பொது நிருவாகச் சுற்றுநிருபம் ஒன்று அரசாங்க சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்று வீதத்தை அங்கவீனர்க்கு ஒதுக்குமாறு பணித்தது. பிரித்தானியா அமுல்செய்யாது விட்ட அதே மூன்று வீதம்! 2009-இற் போர் முடிந்தது. 2016-இல், அங்கவீனமுற்ற முன்னாட் படைவீரர்கள் ஓய்வூதியம் கோரிக் கொழும்பு வீதியில் அமர்ந்தபோது, அவர்கள்மீது நீர் பாய்ச்சப்பட்டது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. வெற்றிவிழாக்களில் முன்வரிசையில் அமர்த்தப்பட்டவர்களின் நிலை இதுவெனில், எந்தப் படைப்பட்டியலிலும் பெயரில்லாதவராய் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அவயவமிழந்து வாழ்வோரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அச்சுற்றுநிருபம் சீருடையைக் கேட்கவில்லை, ஊனத்தையே கேட்டது. அது மெய்யாக அமுல்செய்யப்பட்டிருப்பின், காலிழந்த சிங்களப் படைவீரனும், எதிரணியில் நின்று கையிழந்த தமிழ் இளைஞனும், வயலில் மிதிவெடியை மிதித்த உழவனும் ஒரே கச்சேரியில் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்திருப்பர். மேடைகளிற் பேசப்படும் நல்லிணக்கம் அந்த மேசைகளிற் கைகூடியிருக்கும்.

ஆகவே வேண்டப்படுவது இரக்கமன்று. ஒதுக்கீடு சுற்றுநிருபத்தில் நில்லாது அரசையே முதலிற் கட்டுப்படுத்தும் சட்டமாதல் வேண்டும். ஒவ்வொரு திணைக்களமும் எத்தனை வெற்றிடம் ஏற்பட்டது, எத்தனை அங்கவீனர் நியமிக்கப்பட்டனர் என்பதை ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்கு அறிவித்தல் வேண்டும். படையிலிருந்து விலக்கப்படும் வீரனின் விலக்கற் பத்திரத்தோடு நியமனக் கடிதமும் அவன் கையிற் சேர்தல் வேண்டும். அந்நியமனம் காவலாளி, ஏவலாள் என்பவற்றோடு முடியாது, இலிகிதர் முதல் நிருவாகி வரை பதவியுயர்வுக்கு வழிதிறந்ததாய் இருத்தல் வேண்டும். இவற்றுள் எதுவும் அரசின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. ஒருவனைப் படைக்குத் திரட்டும்போது அவன் வீட்டு முகவரியைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்த அரசுக்கு, அவன் ஊன்றுகோலுடன் மீளும்போதும் அம்முகவரி தெரிந்திருத்தல் வேண்டும்.